போதை மாத்திரையில் கைபட்ட தடயம்: டிஎன்ஏ எடுக்கக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போதைப்பொருள் வழக்கில் பிடிபடுகிறவர் பெரும்பாலும் கடைசிக் கை. பொடியை அளந்து உறைக்குள் நிரப்பியவர், எண்ணிப் பையில் போட்டவர், பையை அழுத்தி மூடியவர் எல்லாம் வேறு யாராகவோ இருப்பார்கள். அவர்கள் பெயர் எஃப்ஐஆரில் வராது. ஆய்வகத்துக்கு வந்து சேரும் பொட்டலத்திடம் நாம் வழக்கமாகக் கேட்பது, இது என்ன பொருள், எவ்வளவு எடை என்ற இரண்டைத்தான். இதைத் தொட்டவர் யார் என்றும் அதே பொட்டலத்திடம் கேட்கலாம். ஆனால் அதை முதலில் கேட்டாக வேண்டும். வேதியியல் பிரிவில் உறையைப் பிரித்து, பொடியைக் கொட்டி, அரைத்து, கரைப்பானில் போட்ட பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எதுவும் மிஞ்சாது. தடய அறிவியல் படித்துவிட்டு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர் வேறு எதை மறந்தாலும் இந்த வரிசையை மறக்கக் கூடாது.

ரத்தக் கறையோ எச்சிலோ இல்லாமல், வெறும் கைபட்ட பொருளிலிருந்தே ஒருவருடைய டிஎன்ஏவை எடுக்க முடியும் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர்கள் மெல்பர்னில் பணியாற்றிய ரோலண்ட் வான் ஊர்ஷாட்டும் மேக்ஸ்வெல் ஜோன்ஸும். இதைப் போதைப்பொருளில் செய்துபார்த்தவர்களில் அடிலெய்ட் நகரின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் முக்கியமானவர்கள். அங்கே ஏமி கிரிஃபின், ஏட்ரியன் லினக்கர் முதலியோர் ஜெலட்டின் கேப்ஸ்யூல்களைக் கைகளால் கையாளவைத்து, அவற்றின் மேல் டிஎன்ஏ எப்படிப் படிகிறது, எப்படி இடம் மாறுகிறது என்று ஆராய்ந்து 2021 முதல் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருள் கேப்ஸ்யூல் வடிவில் பரவலாக விற்கப்படுவதால் அவர்கள் கேப்ஸ்யூலைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் கட்டுரையும் கேப்ஸ்யூலை மையமாக வைத்தே நடக்கும்.

எவ்வளவு தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனித உயிரணு ஒன்றில் ஏறத்தாழ 6.6 பிகோகிராம் டிஎன்ஏ இருக்கிறது. ஆயிரம் பிகோகிராம் சேர்ந்தால் ஒரு நானோகிராம். அடையாளம் காணும் கிட்கள் ஒழுங்காக வேலை செய்ய அரை நானோகிராம் முதல் ஒரு நானோகிராம் வரை வேண்டும். கணக்குப் போட்டால், 75 முதல் 150 உயிரணுக்களில் இருக்கும் அளவு. கேட்கும்போது குறைவாகத் தெரியும். ஆனால் தோலின் மேற்பரப்பிலிருந்து உதிரும் உயிரணுக்களில் பெரும்பாலானவை உட்கருவை இழந்தவை. கைபட்ட இடத்தில் கிடைக்கும் டிஎன்ஏவில் கணிசமான பங்கு உயிரணுவுக்கு வெளியே, வியர்வையோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் ஒட்டியிருப்பது. முகத்தையும் தலைமுடியையும் தடவிய விரல் கூடுதலாக விட்டுச்செல்லும். சோப்புப் போட்டுக் கழுவிய விரல் குறைவாக விடும். ஆளுக்கு ஆளும் வித்தியாசம் உண்டு. அதனால் ஒன்றும் கிடைக்காத பொட்டலங்கள் நிறைய வரும். கிடைக்கவில்லை என்பதற்கு யாரும் தொடவில்லை என்று பொருள் இல்லை. இதை அறிக்கையிலும் எழுத வேண்டும்.

பறிமுதல் இடத்தில்

ஆய்வகத்தில் செய்யும் எந்த வேலையாலும் பறிமுதல் இடத்தில் நேர்ந்த தவறைச் சரிசெய்ய முடியாது. அங்கே இருக்கும் காவலரிடம் நீங்கள் சொல்ல வேண்டியவை சில. முகக்கவசம் அணியாமல் பொட்டலத்தின் மேல் குனிந்து பேசக் கூடாது. இரண்டு அடுக்கு நைட்ரைல் கையுறை போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் மேலடுக்கை மாற்ற வேண்டும். பிடிபட்டவரின் சட்டைப்பையைத் துழாவிய அதே கையுறையோடு பொட்டலத்தை எடுத்தால், அவருடைய டிஎன்ஏவைப் பொட்டலத்தின் மேல் நாமே பூசியதாகிவிடும். பிறகு கிடைக்கும் முடிவுக்கு மதிப்பே இல்லை. எத்தனை மாத்திரைகள் என்று உள்ளங்கையில் கொட்டி எண்ணும் பழக்கம் அறவே கூடாது. பையைத் திறக்காமல் படம் எடுத்து, அப்படியே புதிய காகித உறையில் இட்டு முத்திரை வைப்பது போதும். ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக்கில் அடைக்கக் கூடாது. பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும்.

இந்தியாவில் பணிபுரிகிறவர்கள் ஒன்றைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். போதைப்பொருள் குற்றங்களுக்கான என்டிபிஎஸ் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி, பறிமுதல் செய்த பொருளின் மாதிரி நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுக்கப்படுகிறது. அதாவது பொட்டலம் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே, பலர் கூடிய அறையில் திறக்கப்படும். டிஎன்ஏ சோதனை தேவை என்று விசாரணை அதிகாரி கருதினால் அதை முன்கூட்டியே தெரிவித்து, அன்று அறையில் பொட்டலத்தைக் கையாளும் அனைவரும் கையுறையும் முகக்கவசமும் அணிய ஏற்பாடு செய்ய வேண்டும். வெளிப்பையையும் சுற்றிய தாளையும் தூக்கி எறியாமல் தனித்தனி உறைகளில் வைக்கச் சொல்லுங்கள். தொட்டவர் அனைவரின் பெயரும் பதிவில் இருக்கட்டும். பின்னால் அவர்களுடைய டிஎன்ஏவை விலக்க அது உதவும்.

மேசையைத் தயார் செய்தல்

போதைப்பொருள் பகுப்பாய்வு நடக்கும் அறையில் டிஎன்ஏ மாதிரி எடுக்காதீர்கள். அங்கே நாள்தோறும் பல வழக்குகளின் பைகள் திறக்கப்படுகின்றன. தனி அறை இல்லாவிட்டால் தனி மேசை, தனி மூடுபெட்டி, தனி இடுக்கிகள் வேண்டும். மேசையைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்து, சில நிமிடம் விட்டு, தண்ணீராலும் எத்தனாலாலும் மறுபடி துடையுங்கள். ஹைப்போகுளோரைட் மிச்சமிருந்தால் உங்கள் மாதிரியையும் அழித்துவிடும்.

கிருமி நீக்கப்பட்டது என்று உறையில் அச்சிட்ட பஞ்சுக்குச்சியில் டிஎன்ஏ இருக்காது என்று நம்ப வேண்டாம். ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட வழக்கில் கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று பல குற்ற இடங்களில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. அந்த ‘கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி’யைக் காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடியது. 2009இல் உண்மை தெரியவந்தது: அது பஞ்சுக்குச்சி உற்பத்தியில் வேலை செய்த பெண்ணின் டிஎன்ஏ. கிருமியைக் கொல்லும் முறை டிஎன்ஏவை அழிப்பதில்லை. இதன் பிறகு, தடய வேலைக்கான பொருள்களில் மனித டிஎன்ஏ கலப்பதைத் தடுக்க ஐஎஸ்ஓ 18385 என்ற தரநிலை 2016இல் வந்தது. வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். அப்படி வாங்கினாலும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குச்சியை எதையும் தொடாமல் வெற்று மாதிரியாக ஓட்டிப்பாருங்கள்.

வெளியிலிருந்து உள்ளே

ஒரு பொட்டலத்தை அடுக்கு அடுக்காகவே அணுக வேண்டும். வெளிப்பையின் வெளிப்புறம், அதன் வாய், அதன் உட்புறம், பிறகுதான் உள்ளே இருப்பது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குச்சி, ஒரு எண். எல்லாவற்றையும் ஒரே குச்சியால் துடைத்தால் டிஎன்ஏ கூடும். ஆனால் சுமந்தவர், அடைத்தவர், காவலர் என்று அனைவரும் ஒரே கலவையாகிவிடுவார்கள்.

ஜிப் பையில் அழுத்தி மூடும் பள்ளமும், இழுத்துத் திறக்கும் இரண்டு விளிம்புகளும்தான் நல்ல இடங்கள். பையின் வழவழப்பான நடுப்பகுதியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பொட்டலம் வந்தால் முடிச்சை வெட்டி எறியாதீர்கள். முடிச்சு போட்டவர் அந்தப் பிளாஸ்டிக்கை விரல்களுக்கு நடுவே முறுக்கியிருக்கிறார். அவர் தொட்ட பகுதி மடிப்புக்குள் மறைந்து, பின்னால் வந்த கைகளிடமிருந்து பாதுகாப்பாக இருக்கிறது. முடிச்சுக்குக் கீழே வெட்டி, இடுக்கிகளால் மெல்லப் பிரித்து, அதன் உள்மடிப்பைத் தனியாக எடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு பொட்டலத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மாதிரி எடுக்கலாம் என்றால் முடிச்சைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

விரல்ரேகையும் வேண்டும் என்றால் அந்தப் பிரிவினரோடு முன்கூட்டிப் பேசுங்கள். பல வழக்குகளில் பயன்படுத்திய தூரிகை ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு டிஎன்ஏவைக் கடத்தும். ரேகையைத் தெரியவைக்கப் பயன்படும் சயனோஅக்ரிலேட் பசையின் புகை பெரும்பாலும் டிஎன்ஏவைக் கெடுப்பதில்லை. ரேகை தெளிவாகத் தெரியும் இடத்தை அவர்களுக்கு விட்டு, தேய்ந்து மங்கிய இடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கேப்ஸ்யூல்

கடின ஜெலட்டின் கேப்ஸ்யூல் இரண்டு துண்டுகள் கொண்டது: உடல், அதன் மேல் வந்து மூடும் தொப்பி. கையால் நிரப்பும்போது என்ன நடக்கிறது என்று ஒருமுறை நீங்களே செய்துபாருங்கள். மருந்துக் கடைகளுக்கு வழங்குவோரிடம் வெற்றுக் கேப்ஸ்யூல்கள் கிடைக்கும். குளுக்கோஸ் பொடியை நிரப்பினால் சட்டச் சிக்கல் இல்லாமல் வேண்டிய மட்டும் பழகலாம். உடலை இரு விரல்களால் பிடிக்கிறீர்கள், பொடியை நிரப்புகிறீர்கள், தொப்பியை வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரு முனைகளையும் அழுத்துகிறீர்கள். ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்கிறது. ஆக, அதிக அழுத்தம் பட்ட இடங்கள் இரு முனைகளும். பிடித்த இடம் உடலின் நடுப்பகுதி. அதில் ஒரு பகுதி மூடிய பிறகு தொப்பிக்குள் போய்விடுகிறது.

மாதிரி எடுக்கும் முறை இதிலிருந்தே வருகிறது. டிஎன்ஏ அற்ற பிளாஸ்டிக் இடுக்கியால் கேப்ஸ்யூலின் நடுவைப் பிடித்து முதலில் இரு முனைகளையும் துடையுங்கள். பிறகு புதிய இடுக்கியால் முனைகளைப் பிடித்துக்கொண்டு நடுப்பகுதியைச் சுற்றித் துடையுங்கள். இரண்டுக்கும் ஒரே குச்சி போதும். டிஎன்ஏ ஏற்கெனவே குறைவு, பிரித்தால் இரண்டும் பயனற்றுப்போகும்.

இதில் ஈரம்தான் சிக்கல். வழக்கமான இரட்டைக் குச்சி முறையில் முதல் குச்சியை நன்றாக நனைத்துத் தேய்த்து, இரண்டாவது உலர்ந்த குச்சியால் ஈரத்தை ஒற்றியெடுப்போம். ஜெலட்டின் தண்ணீரில் இளகும். நனைந்த குச்சியால் தேய்த்தால் கேப்ஸ்யூலின் மேற்பரப்பு பிசுபிசுத்து, குச்சியின் நார்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் தேய்த்தால் சுவர் பிளந்து பொடி வெளிவரும். ஆகவே நைலான் இழைக் குச்சியில் ஒரு சொட்டு மட்டும் விட்டு, அது உள்ளே இறங்கக் காத்திருந்து, அழுத்தாமல் உருட்டுங்கள். மேற்பரப்பின் பளபளப்பு மங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். உடனே உலர்ந்த குச்சியால் ஒருமுறை ஒற்றி, இரண்டு குச்சிகளின் முனைகளையும் ஒரே குழாயில் வெட்டிப் போடுங்கள்.

எங்கே துடைப்பது என்று கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. டைமண்ட் என்ற சாயம் டிஎன்ஏவோடு பிணைந்து, நீல ஒளியில் ஒளிரும். லினக்கர் குழு இதைச் சிறிய கையடக்க நுண்ணோக்கியோடு பயன்படுத்தி, தொட்ட பரப்பில் ஒட்டியிருக்கும் உயிரணுக்களைப் புள்ளி புள்ளியாகக் காட்டியிருக்கிறது. பயிற்சிக்கு இது மிகச் சிறந்தது. நீங்கள் துடைப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தால், குச்சி எவ்வளவு எடுத்தது, எவ்வளவு விட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி தொப்பிக்குள் மறைந்த பகுதி. மூடிய பிறகு சுமந்தவர், விற்றவர், வாங்கியவர் யாருடைய விரலும் அங்கே படுவதில்லை. கேப்ஸ்யூலைப் பிரித்து அந்தப் பகுதியில் டிஎன்ஏ கிடைத்தால், அது நிரப்பியவருடையதாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. உறுதி என்று சொல்ல முடியாது. ஆனால் விசாரணைக்கு இதைவிட மதிப்புள்ள இடம் கேப்ஸ்யூலில் வேறு இல்லை. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். வேதியியலாளரை அருகில் வைத்துக்கொண்டு, புதிய எடைத் தட்டில் பொடியைப் பிடித்து அவரிடம் கொடுங்கள். இந்திய வழக்குகளில் தண்டனை எடையைப் பொறுத்தது. எம்டிஎம்ஏவுக்குச் சிறு அளவு 0.5 கிராம், வணிக அளவு 10 கிராம். எல்லைக்கு அருகே இருக்கும் பறிமுதலில் சிறிது பொடி சிந்தினாலும் நீதிமன்றத்தில் கேள்வி வரும். ஆகவே பிரிப்பதற்கு முன் எடை, பின் எடை இரண்டும் பதிவில் இருக்க வேண்டும்.

ஒரே பையில் ஐம்பது கேப்ஸ்யூல்கள் இருந்தால்? சிலவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அவற்றில் போதாத அளவே கிடைத்தால், அதே பையிலிருந்து இன்னும் சிலவற்றை ஒரே குச்சியால் சேர்த்து எடுக்கலாம். முதலிலேயே சேர்த்துவிட்டால், இரண்டு பேர் நிரப்பியிருந்தாலும் தெரியாமல் போகும். பாதியைத் தொடாமல் வைத்திருங்கள். பைக்குள் கேப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று உரசுவதால் டிஎன்ஏ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும், பையின் உட்சுவருக்கும் மாறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அழுத்திச் செய்த மாத்திரைகள் இதைவிடக் கடினம். மேற்பரப்பு உதிரும், நிறமிகளும் கட்டுப்பொருள்களும் குச்சியோடு வந்து பின்னால் டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கலாம். பொடியில் நேரடியாகத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை மடித்த தாளின் உள்மடிப்பையோ பையின் வாயையோ தேடுங்கள்.

பிரித்தெடுத்தலும் அளவிடுதலும்

குச்சியிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கக் காந்தத் துகள் முறை பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கிறது. நிறமியையும் மருந்தையும் நன்றாகக் கழுவிவிடும். மையவிலக்கில் சுழற்றி, அடியில் படிந்த உயிரணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மேல்திரவத்தைக் கொட்டும் பழைய முறை கைபட்ட தடயத்துக்கு ஒத்துவராது. உயிரணுவுக்கு வெளியே இருந்த டிஎன்ஏ அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. கடைசியில் கரைத்தெடுக்கும் திரவத்தின் அளவைக் குறைவாக வையுங்கள். பிரித்தெடுக்காமல் நேரடியாகப் பிசிஆருக்கு அனுப்பும் முறையும் உண்டு. இழப்பு குறையும், ஆனால் அளவிட முடியாது, மறுபடி சோதிக்க மிச்சமும் இருக்காது. புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம்.

அளவிடும் கிட் மூன்று விஷயங்களைச் சொல்லும்: எவ்வளவு மனித டிஎன்ஏ, எவ்வளவு சிதைந்திருக்கிறது, வினையைத் தடுக்கும் பொருள் இருக்கிறதா. கடைசியைத்தான் போதைப்பொருள் மாதிரியில் முதலில் பார்க்க வேண்டும். வினை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கிட்டிலேயே சேர்த்திருக்கும் உள்கட்டுப்பாடு தாமதமாக வந்தால், டிஎன்ஏ இல்லை என்று முடிவுகட்டாமல், பிரித்தெடுத்த சாற்றை நீர்க்கச் செய்தோ மறுபடி கழுவியோ ஓட்டுங்கள்.

விவரக்குறிப்பைப் படித்தல்

விவரக்குறிப்பு என்பது ஒருவரை அடையாளம் காட்டும் டிஎன்ஏ வடிவங்களின் பட்டியல். குளோபல்ஃபைலர் போன்ற கிட் அதற்காக டிஎன்ஏவின் 24 இடங்களைப் பெருக்கித் தருகிறது. டிஎன்ஏ 100 பிகோகிராமுக்குக் கீழே போனால் தற்செயல் விளையாடத் தொடங்கும். டி18எஸ்51 என்ற இடத்தில் ஒருவருக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என 14, 17 என்ற இரு வடிவங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைந்த டிஎன்ஏவில் 17 பெருகாமலே போகலாம். வரைபடத்தில் 14 மட்டும் நிற்கும். அவரை 14, 14 என்று எழுதினால் உண்மையான ஆளை நீங்களே விலக்கிவிடுவீர்கள். மாறாக, எங்கிருந்தோ வந்த ஒற்றை வடிவம் ஒன்று கூடுதலாக முளைக்கவும் செய்யும். எனவே ஒரே சாற்றை இரண்டு முறையாவது ஓட்டி ஒப்பிடுங்கள். பிசிஆர் சுழற்சிகளைக் கூட்டும் ஆசை வரும். உங்கள் ஆய்வகம் அதை முறைப்படி சரிபார்த்திருந்தால் ஒழியத் தொடாதீர்கள்.

போதைப்பொருள் பொட்டலத்தில் ஒற்றை ஆளின் டிஎன்ஏ கிடைப்பது அரிது; கலவைதான் வழக்கம். கலவையைக் கண்ணால் பிரித்துச் சொல்லும் காலம் போய்விட்டது. நியூசிலாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் உருவாகி 2012 முதல் வழக்குகளில் பயன்படும் எஸ்டிஆர்மிக்ஸ், ஐரோப்பாவின் யூரோஃபார்மிக்ஸ் போன்ற மென்பொருள்கள் நிகழ்தகவு விகிதம் தருகின்றன: கலவையில் இன்னார் இருக்கிறார் என்று கொண்டால் இந்த முடிவு கிடைக்கும் வாய்ப்பு, அவர் இல்லை என்று கொண்டால் கிடைக்கும் வாய்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்பது. எத்தனை பேர் என்று நீங்கள் கொடுக்கும் ஊகத்தைப் பொறுத்தே விடை அமையும். நான்கு பேருக்கு மேல் இருக்கலாம் என்று தோன்றினால் ‘ஒப்பிடத் தகுதியற்றது’ என்று எழுதத் தயங்காதீர்கள். ஆய்வகப் பணியாளர்கள், காவலர்கள் ஆகியோரின் விலக்கு மாதிரிகளோடு ஒப்பிட்ட பிறகே, பலருடைய டிஎன்ஏ விவரக்குறிப்புகளோடு ஒப்பிட்டுத் தேடும் தளத்துக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2001 முதல் தேசிய அளவில் அப்படி ஒரு தளம் இயங்குகிறது.

அறிக்கை

2012இல் கலிபோர்னியாவில் கொல்லப்பட்ட ஒருவரின் நகங்களில் இன்னொருவரின் டிஎன்ஏ கிடைத்தது. அவர் கைதாகி மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். கொலை நடந்த நேரத்தில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அன்று மாலை அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அதே மருத்துவ உதவியாளர்கள், சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். டிஎன்ஏ அவர்களோடு பயணித்திருக்கிறது. அங்கே கிடைத்த விவரக்குறிப்பில் பிழை இல்லை. அதற்குக் கொடுத்த பொருளில்தான் பிழை.

உங்கள் அறிக்கை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதில் கறாராக இருங்கள். ‘இந்த டிஎன்ஏ இன்னாரிடமிருந்து வந்திருப்பதை முடிவுகள் இத்தனை மடங்கு ஆதரிக்கின்றன’ என்று எழுதலாம். ‘இன்னார் இந்தக் கேப்ஸ்யூலை நிரப்பினார்’ என்று எழுதக் கூடாது. எப்போது தொட்டார், நேரடியாகத் தொட்டாரா, அவர் தொட்ட வெற்றுப் பையை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினாரா என்பதை டிஎன்ஏ சொல்லாது. ஒருவருடைய பல ஆண்டுகள் இந்த வரியில் தொங்குகின்றன; வழக்கறிஞர் எவ்வளவு அழுத்தினாலும் சாட்சிக் கூண்டில் இதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லாதீர்கள். முடிச்சின் உள்மடிப்பிலும், தொப்பிக்குள் மறைந்த பகுதியிலும், பையின் வெளிப்புறத்திலும் யார் யார் இருந்தார்கள் என்று தனித்தனியாகக் காட்டினால், அந்தப் பரவலை வைத்து நீதிமன்றம் யோசிக்கட்டும். முதலிலேயே அடுக்கு அடுக்காக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அறிக்கையோடு மூன்று வெற்று மாதிரிகளின் முடிவையும் இணையுங்கள்: குச்சி, பிரித்தெடுத்தல், பிசிஆர். மீதமுள்ள சாற்றையும் தொடாமல் வைத்த பாதிக் கேப்ஸ்யூல்களையும் முத்திரையிட்டு, சாற்றை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வையுங்கள். எதிர்த்தரப்பு மறுசோதனை கேட்டால் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும்.